செலவில் கேட்டேன், வரவில் வைத்தார்கள்

12.2.1997
கவுன்சிலராகி நாலு மாதம். மன்றத்தில் இன்றுதான் நானாக எழுந்து பேசினேன். வழக்கமாக வீட்டுக்காரர் பின்னால் உட்கார்ந்து துண்டுச்சீட்டு அனுப்புவார், நான் படிப்பேன். மார்க்கெட்டில் கட்டிப் பூட்டியே கிடக்கும் பெண்கள் கழிப்பறையை இலவசமாகத் திறந்துவிடுங்கள், சுத்தம் செய்ய ஆளும் தண்ணீரும் நகராட்சி செலவில் கொடுங்கள் என்றேன். கீரை விற்கிற ஆராயி கேட்டதுதான். "விடியகாத்தால வந்து குந்துறோம். பொழுது சாயற வரைக்கும் எங்கம்மா போறது?" தலைவர் சரி என்று தலையாட்டினார். வீடு வரும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

26.2.1997
பட்ஜெட் புத்தகம் வந்தது. செலவுப் பக்கம் முழுக்கத் தேடினேன், இல்லை. வரவில் இருக்கிறது! 'வரியல்லா வருவாய்' என்று தலைப்பு. கடை வாடகை, சைக்கிள் ஸ்டாண்டு, கார்த்திகை தீபத் திருவிழாவுக்குப் போடும் கடைகளின் கட்டணம், அதற்கடுத்து எங்கள் கழிப்பறை. ஏலம் விட்டுக் குத்தகைக்குக் கொடுப்பார்களாம். எடுத்தவர் உள்ளே போகிறவர்களிடம் தடவைக்கு இவ்வளவு என்று வசூலித்துக்கொள்வாராம்.
கணக்குப் பிரிவு ராஜமாணிக்கத்திடம் ஓடினேன். "வரிய ஏத்தினா ஊரே கத்தும்மா. இதுன்னா சத்தமே வராது. பட்ஜெட்ல எங்க கம்மியானாலும் இதுல கொஞ்சம் கூட்டிப்போம்" என்றார்.
ஒண்ணுக்குப் போவதிலுமா? நான் பேசியிருக்காவிட்டால் அது பூட்டியாவது கிடந்திருக்குமே!

14.3.1997
ஏலம் முடிந்தது. எடுத்தவர் கண்ணாயிரம், என் நாத்தனார் புருஷன். அவரிடம் ஏது அவ்வளவு பணம்?

15.3.1997
எங்க வீட்டுப் பணம். சாப்பிட்டுக்கொண்டே வீட்டுக்காரரே சொன்னார். "கவுன்சிலர் குடும்பம் எடுக்கக்கூடாதுனு சட்டம். அதான் மச்சான் பேர்ல எடுத்தேன். அங்க எவ்ளோ பொம்பளைங்க வருவாங்கனு நீ பேசினப்புறம்தானே தெரிஞ்சுது."
என் பேச்சை வெச்சேவா? இவரா?

28.3.1997
மன்றத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்தப் பதவியால்தானே இத்தனையும் என்று ராஜினாமாவும் எழுதிக் கொடுத்தேன். ஏலம் ரத்து. இவர் பின்வரிசையில் தலையைக் குனிந்திருந்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

17.4.1997
மறு ஏலம். ஏலத்தை நிறுத்தி இலவசமாகத் திறக்கச் சொல்லி மனு கொடுக்க, ஆராயியைக் கூட்டிக்கொண்டு நகராட்சிக்குப் போனேன். உள்ளே முதல் நாற்காலியில் இவர். இந்த முறை சொந்தப் பெயரிலேயே கேட்டு எடுத்துவிட்டார்.
"இப்போ நீ கவுன்சிலர் இல்லியே, எந்தத் தடையும் இல்ல. நீ எழுதிக் குடுத்ததும் நல்லதாப் போச்சு" என்றார். சிரித்துக்கொண்டே.
ஆராயி மனுவை மடித்து இடுப்பில் செருகினாள்.
"ஒரு வாட்டிக்கு எவ்ளோம்மா வாங்குவீங்க?" என்று என்னைக் கேட்டாள்.