சிவப்பு ரிப்பன் கட்டிய மூங்கில்

ஜூலை 6
காலையிலிருந்து சாரல். வைகாசியில் கண்மாயிலிருந்து ஒரு டிராக்டர் கரம்பை மண் அடித்துக் கொல்லையில் பரப்பினோம், வாழைக்கு நல்லது என்று. மண்ணோடு வந்த விதைகளெல்லாம் இப்போது தலைநீட்டுகின்றன. பாதிச் செடிகள் எனக்கே தெரியவில்லை. இத்தனை வருஷம் அறிவியல் நடத்தி என்ன பயன்?

மகள் ஜெபா சென்னையிலிருந்து பேசினாள். கிறிஸ்துமஸுக்கு வருகிறாள். பேத்தி அப்போது தவழ்வாளாம். "எதக் கண்டாலும் வாயில வைக்கிறாப்பா. கொல்லையச் சுத்தம் பண்ணி வைங்க."

போனை வைத்ததும் என் மனைவி சுகிர்தம் ஆரம்பித்தாள். "தானா வந்தத எதுக்குப் பிடுங்கணும்? பேரு தெரியலன்னா பகையாளியா?"

கடைசியில் ஒரு சமாதானம்: கெடுதல் என்று உறுதியானதை மட்டும் பிடுங்குவது.

ஜூலை 19
ஊமத்தை இரண்டு, காட்டாமணக்கு ஒன்று. பிடுங்கிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

சுகிர்தத்திடம் ஓர் உதாரணம் சொன்னேன். ஒரு வருஷம் என் வகுப்பில் இரண்டு தங்கபாண்டிகள். பின்னாலிருந்து பார்த்தால் ஒரே தலை, ஒரே சட்டை. திரும்பினால்தான் தெரியும். செடியும் அப்படித்தான்; இலையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது, பூக்கட்டும்.

"அப்ப உங்க செடியெல்லாம் திரும்பிப் பாக்குற வரைக்கும் நான் கொல்லப்பக்கமே போகக் கூடாதாக்கும்."

செப்டம்பர் 24
பூத்துவிட்டது.

பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள் ஜீப்பில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர். அங்கிருந்து கொண்டுவந்து தந்த, அவித்துத் தின்னும் காச்சில் கிழங்கை சுகிர்தம் வேலியோரம் நட்டு மூங்கிலில் ஏற்றியிருந்தாள். அதற்கடுத்த மூங்கிலில், தானாக வந்த ஒரு கொடி. இலையின் நுனி சுருண்டு மூங்கிலைப் பிடித்தபோதே சந்தேகம். இன்று மஞ்சளும் சிவப்புமாக இதழ்கள் மேல்நோக்கி வளைந்து நிற்கின்றன. செங்காந்தள்தான். கண்வலிக்கிழங்கு என்போம். கிழங்கிலிருந்து விதைவரை நஞ்சு, அவித்தாலும் போகாது.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனால், அவள் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். "பூ முடியட்டுங்க."

முடியாது என்று எப்படிச் சொல்ல? அந்த மூங்கிலில் சிவப்பு ரிப்பன் கட்டினேன். ரிப்பன் கட்டினது விஷம், கட்டாதது காச்சில் என்று அவளைச் சொல்லவைத்தேன். வாத்தியார் புத்தி.

டிசம்பர் 1
மாடியில் நட்சத்திரம் ஏற்றியாயிற்று. உயரமான கம்பு வேண்டியிருந்தது. வேலியோரக் கொடிகளெல்லாம் காய்ந்து உதிர்ந்துவிட்டன, மூங்கில்கள் சும்மா நின்றன. இருந்ததில் நெட்டையானதைப் பிடுங்கினேன். ரிப்பனை அவிழ்க்கப் போனேன். "இருக்கட்டுங்க, நட்சத்திரத்துக்கு லட்சணமா இருக்கு" என்றாள். இருக்கத்தான் செய்கிறது.

டிசம்பர் 23
ஆஸ்பத்திரி வராந்தா.

சாயங்காலம் ஜெபா வருகிறாள் என்று சுகிர்தம் கிழங்கு தோண்டி அவித்துக்கொண்டிருந்தாள். நான் மாடியில் நட்சத்திரத்துக்கு பல்பு மாற்றிக்கொண்டிருந்தேன். ரிப்பன் காற்றில் வந்து முகத்தில் அடித்தது — அப்பத்தான் உறைச்சது. இது இங்கன இருந்தா, கீழே அடையாளம் ஏது? பூ முடிஞ்சதும் தோண்ட மறந்த கிழங்கு மண்ணுக்குள்ளதான கிடக்கு.

ஓடினேன். எங்கே தோண்டினாய் என்றேன்.

"வேலியோரம் பூராந்தான். ரிப்பன் எதுலயும் இல்லையே."

நான் சொல்லிக்கொடுத்தபடியேதான் செய்திருக்கிறாள்.

"வாயில வச்சியா?"

"உப்புப் பாக்க ஒரு துண்டு. ஏங்க?"

சீவிய தோலைக் கிளறினேன். முரட்டுத் தோலுக்கு நடுவே வழவழவென்று ஒன்று, கலப்பைபோல மடங்கி. கண்வலிக்கிழங்கு. தோலையும் பானையையும் அப்படியே ஆட்டோவில் தூக்கிவந்தேன். இந்த விஷம் காட்ட நேரமாகும், வைத்துத்தான் பார்க்கவேண்டும் என்றார் டாக்டர். எந்தத் துண்டைத் தின்றாள்? யாருக்குத் தெரியும்.

"பாப்பாவுக்கு மசிச்சுக் குடுக்கலாம்னு இருந்தேங்க" என்றாள்.

டிசம்பர் 24
வாந்தி இல்லை. வயிற்றுப்போக்கு இல்லை. இன்னும் வீட்டுக்கு விடவில்லை.

ஜெபா அம்மாவின் கையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "இந்தக் கொல்லைய வச்சுக்கிட்டு பாப்பாவ இனி எப்படிப்பா கூட்டிட்டு வர்றது?"

பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போனேன்.

டிசம்பர் 26
வீட்டுக்கு விட்டார்கள். அவள் தின்ற துண்டு காச்சில்தான் போலும். ஸ்தோத்திரம். வாசற்படி ஏறியதும், "அந்தக் கடப்பாரை எங்கன கிடக்கு?" என்றாள்.

ஜெபா நாளைக்கே கிளம்புகிறாள்.

ஜனவரி 18
வேலியோரத்து மண் முழுவதையும் சல்லடையில் சலித்து, கிழங்குத் துண்டு ஒன்று விடாமல் எடுத்தோம்.

காலையில் காபி குடித்ததும் இருவரும் கொல்லையைச் சுற்றுகிறோம். அவளுக்குப் பெயர்கள் மனதில் நிற்பதில்லை, ஆட்கள் நிற்கிறார்கள். பார்த்தீனியம் என் பெரியப்பா மகனாம். "கிட்டப் போனாலே அரிக்கும்." இதைவிட நல்ல உதாரணம் நான் வகுப்பில் சொன்னதில்லை.

இப்போது பிடுங்குகிறவள் அவள். இருக்கட்டுமே என்கிறவன் நான்.

ஏப்ரல் 9
ஜெபா வீடியோவில் கொல்லையைக் காட்டச் சொன்னாள். சுகிர்தம் போனைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு செடியாக அறிமுகம் செய்தாள். "கருத்தம்மாக்காகூட இப்பல்லாம் எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் கீர பறிக்காக" என்று பெருமை வேறு.

ஜெபா மே மாதத்துக்கு டிக்கெட் போட்டிருக்கிறாள்.

மே 11
பாப்பா நடக்கிறாள். இன்று தண்ணீர்த் தொட்டியோரம் உட்கார்ந்து எதையோ பிய்த்து வாயில் வைத்துவிட்டாள்.

ஜெபா எழுவதற்குள் சுகிர்தம் விரலை விட்டு அதை வெளியே எடுத்துவிட்டாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரே காம்பில் மூன்று இலைகள். குனிந்து, பிய்த்த இடத்தில் மஞ்சள் பூ இருக்கிறதா என்று தேடினாள். இருந்தது. பிறகும் திருப்தியில்லாமல் என்னிடம் நீட்டினாள். தலையாட்டினேன்.

"புளியாரை. தின்னுற புளிப்புக் கீரதான்" என்றாள் ஜெபாவிடம்.

புதிதாக ஒன்று பறித்து, கழுவி, ஒரே ஓர் இலையைப் பாப்பாவிடம் கொடுத்தாள். பாப்பா கண்ணை இறுக்கி முகத்தைச் சுளித்தாள். பிறகு மறுபடி கையை நீட்டினாள்.

ஜெபா கிட்டே வந்து உட்கார்ந்தாள். அவளும் கையை நீட்டினாள்.

"எனக்கும் ஒண்ணு குடும்மா."