பெரியவள் கேட்டது

இன்று காலை பக்கத்து வீட்டில் குழந்தையின் பால் புட்டியைக் கொதிக்க வைத்தார்கள். ரப்பர் வேகிற வாசனை வந்ததும் உன் ஞாபகம்தான். எண்பதுகளில் நாம் இருவரும் கீழ்பென்னாத்தூரில் நர்சாக இருந்தபோது, கையுறையும் ஊசியும் கொதிக்கத் தொடங்கினால் நீ எழுந்து வெளியே போய்விடுவாய். சூடானில் சம்பாதித்துவிட்டு வந்த திமிர் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு நாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் நீயே சொன்னாய். அங்கே ஐந்தாறு வயதுப் பெண் குழந்தைகளின் பிறப்புறுப்பை அறுத்துத் தைத்துவிடுவார்கள். அப்போதுதான் நல்ல இடத்தில் கல்யாணமாகும் என்று நம்பிக்கை. கிழவிகள் வீட்டில் பிளேடால் செய்து, ரத்தம் நிற்காமல் செத்த குழந்தைகளை நீ பார்த்திருக்கிறாய். அதனால் அங்கே உன் பக்கத்து வீட்டுக்காரி தன் பெரிய மகளைக் கூட்டி வந்தபோது, கொதிக்க வைத்த கத்தியால் நீயே செய்துவிட்டாய்.

"சுத்தமா செஞ்சேன்டி. சுத்தமா செஞ்சா தப்பில்லன்னு நெனச்சுட்டேன்."

எனக்கு உன் மேல் அருவருப்பு வந்தது. உன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்றும் தோன்றியது. அதை உன்னிடம் சொல்லவில்லை.

அந்த வீட்டில் இன்னொரு மகள் இருந்தாள். அவளுக்கும் ஐந்து வயது முடியப் போகிறதே என்று தவித்தாய். தாய்க்குப் படிக்கத் தெரியாது. அதனால் செங்கம் ரோட்டில் என் வாடகை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நீ அங்கிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டரில், சின்னவளுக்குச் செய்ய வேண்டாம் என்று அவளுக்கு அரபியில் பேசிப் பதிவு செய்தாய். தெருவில் மைக் செட் அலறியது. அழித்துவிட்டு மறுபடி பேசினாய். அரபி எனக்குப் புரியாது. ஆனால் எந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டாய் என்பது தெரிந்தது.

கேசட்டைத் தபாலில் அனுப்பி ஏழெட்டு மாதம் கழித்துப் பதில் கேசட் வந்தது. சின்னவளை விட்டுவிட்டார்களாம். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன், நீ சிரிக்கவே இல்லை. கடைசியில் பெரியவளும் பேசியிருந்தாள்.

"தங்கச்சிக்கு வேணாம்னா எனக்கு மட்டும் ஏன் செஞ்சீங்கன்னு கேக்கறாடி."

பதில் சொல்லப் புதுக் கேசட் வாங்கினாய். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பட்டனை அழுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாய். நீ இறந்த பிறகு அதைப் போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் முழுக்க நீ மூச்சுவிடுவது மட்டும்தான் கேட்டது.

வெளிநாட்டு வேலைக்குப் போகும் நர்சுகள் உன்னிடம் சம்பளம் விசாரிக்க வருவார்கள். நீ அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லி அனுப்புவாய். இப்போது நான் சொல்கிறேன். சுத்தமாகச் செய்தாலும் அது அறுப்புதான், யார் கேட்டாலும் செய்யாதீர்கள் என்கிறேன். சிலர் கேட்டுக்கொள்கிறார்கள், சிலர் மணி பார்க்கிறார்கள். எனக்கும் அலுத்துவிட்டது, ஆனாலும் சொல்லாமல் யாரையும் அனுப்பியதில்லை. அந்தப் பெரியவளுக்கு அவர் என்ன பதில் சொன்னார் என்று மட்டும் அவர்களில் யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று ஒவ்வொரு முறையும் பயமாக இருக்கிறது.