இரவல் குரல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் ஏதோ இருக்கிறோம், உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அங்கேயும் பட்டினிதானா? போனில் சொல்ல வேண்டியதைத்தான் எழுதுகிறேன், எங்களை நம்பி நீ விட்டுப்போன உன் மகள் இப்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கிறாள்.

அந்தப் போர்ப் படத்தில் அவள் நடித்து முடித்துவிட்டாள். பார்த்தவர்கள் ஆகா ஓகோ என்கிறார்கள், அங்கே நடந்தது எங்களுக்குத்தான் தெரியும். குண்டு விழுந்து தாய் சாகிற காட்சியில் அவளுக்கு அழுகையே வரவில்லையாம், புகையைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். டைரக்டர் எங்களை வெளியே உட்கார வைத்துவிட்டு அவள் காதில், நிஜமாவே உங்கம்மா செத்துப்போச்சு, இனிமே வராது என்று சொல்லியிருக்கிறார். பிள்ளை கதறிய கதறலில் ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லோரும் கைதட்டிக்கொண்டு நிற்கிறார்கள். உன் அம்மா அவரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். அவரோ, சின்னப்புள்ளதானே, ஐஸ்கிரீம் வாங்கிக் குடுங்க, மறந்துடும் என்கிறார். பொய்தான் என்று சொல்லித் தேற்றி, உன்னோடு போனில் பேச வைத்தோம். அன்றைக்குச் சமாதானமாகத்தான் தூங்கினாள்.

வினை டப்பிங்கில் வந்தது. படத்தில் செத்துப்போன தாய்க்கு வேறொரு பெண் மைக் முன்னால் நின்று குரல் கொடுத்ததை இவள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். அதிலிருந்து நீ கூப்பிட்டால் போனைத் தொடுவதில்லை. கேட்டால், அது அம்மா இல்ல தாத்தா, யாரோ அம்மா குரல்ல பேசுறாங்க என்கிறாள். வீடியோவில் உன் முகத்தைக் காட்டினேன், அதுவும் படம்தானே என்கிறாள். ஏழு வயசு பேசுகிற பேச்சா இது? நீ அவள் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துப் பொம்மையாக அனுப்பிக்கொண்டிருக்கிறாய். அழுதால்கூடப் பரவாயில்லை. பெரிய மனுஷி மாதிரி வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டு, அழாதீங்க பாட்டி, நான் இருக்கேன்ல என்று உன் அம்மாவுக்கு ஆறுதல் சொல்கிறாள். பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு.

அதனால் லீவு இல்லை, வேலை போய்விடும் என்று சாக்குச் சொல்லாமல் கிளம்பி வா. போனால் போகட்டும், நான் இன்னும் தையல் மெஷினை மிதித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நல்லபடியாக வந்து சேர எங்கள் இருவர் ஆசியும் உனக்கு உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. வாசலிலேயே கட்டிப்பிடித்து அழுது அவளைப் பயமுறுத்தாதே. மேக்கப்பா என்று உன் கன்னத்தை அழுத்தித் தேய்த்துப் பார்ப்பாள். வலித்தாலும் முகத்தைத் திருப்பாமல் நில்லம்மா, அவளாக நம்புகிறவரைக்கும்.

உன் வரவை எதிர்பார்த்து,
அப்பா