கேட்டில் மாட்டிய சைக்கிள் மணி

மாப்பிள்ளை, இந்த மணி துருப்பிடிக்கும் என்று நான் அப்போதே சொன்னேன். ஆற்றில் தண்ணீர் என்றைக்கு வரும் என்று அதிகாரிகளுக்கும் முன்பே சொல்கிறவனுக்கு இது ஒரு பெரிய விஷயமா? இன்று காலை தங்கையைப் பார்க்க வந்தபோது, உங்கள் கேட்டில் மாட்டியிருக்கும் அந்தச் சைக்கிள் மணியை அழுத்திப் பார்த்தேன். விரலில் துரு ஒட்டியதே தவிர சத்தம் வரவில்லை. நான் சொன்னது பலித்துவிட்டது. சொல்லிக்காட்டத்தான் நீங்கள் இல்லை.

எட்டாம் வகுப்போடு நான் நின்றதில் பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம். அந்த அறிவை உங்கள் வீட்டுக்குத்தானே செலவழித்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு வந்து குழம்புச் சட்டியைத் திறந்து உப்பு பார்ப்பேன். உங்கள் வயலில் எந்த நெல் போடுவது என்று நானே ஆளிடம் சொல்லிவிடுவேன். கடைசியில், உங்கள் மகள் நர்ஸிங் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது, அவளைப் பெண் பார்க்க மன்னார்குடியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினேன். கப்பல் மாதிரி வேன். பிள்ளை அறைக்குள் தாழிட்டுக்கொண்டு அழுதாள். நீங்கள் வந்தவர்களுக்குக் காபி கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தீர்கள்.

மறுநாள் கேட்டில் மணி.

"என்ன மாப்பிள்ளை, கேட்டுக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுக்கிறீங்களா?" என்றேன்.

சிரித்தீர்கள். "இனிமே ஒரு தடவ அடிங்க மச்சான். நானே வந்து திறக்கிறேன். எம் பொண்ணு விஷயத்த மட்டும் நாங்க பாத்துக்கிறோம்."

"கூடப்பொறந்தவ வீட்டுக்கு மணி அடிச்சிட்டு வரணும்னு எந்த வேதத்துல இருக்கு?"

"ஆண்டவரே வாசல்ல நின்னு தட்டுறாருன்னுதான் வேதத்துல இருக்கு மச்சான். தள்ளிக்கிட்டு வரல. நீங்க கொஞ்சம் நிக்கக் கூடாதா?"

வேதக்கோயில் உபதேசியாருக்கே வசனம் எடுத்துக்கொடுக்கிறவன் நான். "அடிக்க ஆளில்லாம துருப்பிடிச்சுப் போகும் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். பிறகு கோயிலில் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் "ஸ்தோத்திரம் மச்சான்" என்பீர்கள். நான் மின்விசிறியைப் பார்ப்பேன்.

அறுப்பு முடிவதற்குள் நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள். அடக்கத்துக்கு வந்தவர்களிடம் நான்தான் சொன்னேன்: "கிறிஸ்துமஸ் அன்னைக்கு மணி அடிச்சேன். ஓடிவந்து திறந்தாரு. கட்டிப் பிடிச்சுக்கிட்டோம்." அடுத்தடுத்துச் சொல்லும்போது நீங்கள் எனக்குக் கேக்கும் ஊட்டினீர்கள். தங்கையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள், "மணி எதுக்குண்ணே, திறந்துதானே கிடக்கு, உள்ள வாங்க" என்கிறாள். யார் யாரோ நுழைகிறார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விடு என்கிறார்கள், படிப்பை நிறுத்திப் பெண்ணைக் கட்டிக்கொடு என்கிறார்கள். கொஞ்சம் நில்லுங்கள் என்று சொல்ல ஆளில்லை. எனக்கு மட்டும் உள்ளே கால் போகவில்லை.

கிறிஸ்துமஸ் அன்று கேட்டு வரை வந்தது நிஜம், மாப்பிள்ளை. மணியின் மேல் விரலை வைத்தேன். உள்ளே உங்கள் செருமல் கேட்டது. அடிக்காமல் திரும்பிவிட்டேன். நீங்கள் திறந்ததாக நான் சொன்னது கட்டுக்கதை. அடித்திருந்தால் திறந்திருப்பீர்கள்.