லெயோன் கட்டிய மாடி

மகன் லெயோனுக்கு, சைகோனிலிருந்து அம்மாவின் ஆசீர்வாதம். நான் சுகம், உன் முழங்கால் வலி தேவலையா?

உன் அண்ணன் மகள் அந்துவானேத் நர்ஸாகிவிட்டாள், அவள் தங்கை ஜெர்மேன் வகுப்பில் முதலாவது. உன் மகன் கப்ரியேலும் பிரெஞ்சுக் கடற்படையில் ரகசியத் தந்திப் பிரிவுக்குத் தேர்வானான். பிறகு விசாரித்துக் கழித்துவிட்டார்கள்.

காரைக்காலில் மாடி கட்ட அவன் பேரில் எடுத்த கடனை நீ கட்டவேயில்லையாம். விசாரணையில் கடன் உண்டா என்று கேட்டதற்கு அவன் இல்லையென்றிருக்கிறான். "அப்பா கடனை வெளியில சொல்லலாமா ஆயா?" என்று எனக்கு எழுதுகிறான். கடனை மறைப்பவனை அந்நியன் காசு கொடுத்து வாங்கிவிடுவானாம். அவனிடம் ரகசியத்தை ஒப்படைக்க மாட்டார்களாம்.

நான் சமைக்கும் வீட்டிலும் சந்தையிலும் தமிழ் பேச ஆளில்லை. இந்தக் கடன் கதையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, அந்தமட்டும் நல்லது.

மாடி முன்னால் நின்று புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. பிள்ளையின் வேலையைக் கொடுத்து எதை வாங்கினோம் என்று நானும் பார்க்கிறேன்.

அம்மா