‘வேண்டாம்’ என்று அழுத்திய பிறகும்

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து காற்று. மாடியில் காயப்போட்ட துணியில் மூன்று பறந்து பக்கத்து வீட்டில். வாயெல்லாம் மண்.

பதினொரு மணிக்கு டாக்டரம்மா போன். ஊரில் மனநல மருத்துவமனை வைத்திருப்பவர். அவருடைய வெப்சைட் நான் செய்தது. இரண்டு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

“கிரேஸ், அப்பாயின்ட்மென்ட் பாஸ்வேர்டை இன்னைக்கே மாத்திருங்க. பேச்சியம்மாளுக்குத் தெரிய வேண்டாம்.”

பேச்சியக்கா அங்கே வரவேற்பு மேசையில் எட்டு வருடம். என்ன விஷயம் என்று கேட்டேன். ஒரு பெண் வீட்டில் சொல்லாமல் வெப்சைட்டில் பதிவு செய்து, வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். நான்காம் நாள் கணவர் கேட்டாராம், அந்த ஆசுபத்திரிக்கு எதற்குப் போனாய் என்று. டாக்டரம்மா யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் சொல்லவில்லை. மீதி பே. அக்கா மட்டும்தான் என்கிறார்.

“சனிக்கிழமையோட நின்னுக்கச் சொல்லிட்டேன்.”

பாஸ்வேர்ட் மாற்றினேன். ஏதோ திருடியது போல இருந்தது.

ஜூலை 9, புதன்

வாங்க வேண்டியது: உளுந்து, கடலைப்பருப்பு, தேங்காய் இரண்டு, வீட்டுக்காரர் எட்வினுக்குச் சளி மாத்திரை.

ஜவுளிக்கடை முன்னால் பே. அக்கா. கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி கிரேசு, நான் யாரு பேரையாவது வெளிய சொல்லுவேனா? அங்கன யாரு வாரா, யாரு போறான்னு எங்க வீட்டுக்காரருக்கே தெரியாதுட்டி.”

பிடித்த கையை விடவில்லை. அவளே சொன்னாள்: “அந்தப் பிள்ளை போன்ல அழுதா. வீட்டுல எல்லாருக்கும் ஒரே டேப்லெட்டாம், பதிவு பண்ணுனதும் அதுலதானாம். அதுல நம்ம ஆசுபத்திரி விளம்பரம் திரும்பத் திரும்ப வந்துச்சாம். ‘மனச்சோர்வா? அடுத்த சந்திப்பு எப்போது?’ன்னு. டாக்டர்ட்ட சொன்னேன். விளம்பரம் ஊருக்கே போகுது, அதுல என்னன்னு கேக்குதாங்க.”

வாரேன்க்கா என்று நடந்துவிட்டேன். உளுந்து வாங்கவில்லை.

சாயங்காலம் வெப்சைட்டைச் சோதித்தேன். புதிய பிரவுசர். ‘என்னைப் பின்தொடர வேண்டாம்’ என்ற அமைப்பையும் போட்டுக்கொண்டேன். மருத்துவமனைப் பக்கம் திறந்தது. கீழே பெட்டி: ‘உங்கள் வருகையைக் கண்காணிக்க அனுமதி உண்டா? சரி / வேண்டாம்.’ வேண்டாம் அழுத்தினேன். பக்கம் யார் யாரோடு பேசுகிறது என்ற பட்டியலைத் திறந்தேன்.

– எழுத்துரு: வெளியிலிருந்து
– வரைபடம்: வெளியிலிருந்து
– சாட் பெட்டி: வெளியே
– விளம்பர நிறுவனம் ஒன்று: பொத்தானை அழுத்தும் முன்பே ஒரு தடவை. அழுத்திய பின் மறுபடி.

பதிவுப் படிவம் நிரப்பிப் பார்த்தேன். காரணம்: மனச்சோர்வு. அடுத்த பக்கத்தின் முகவரியிலேயே அந்தச் சொல். அந்த முகவரி முழுதாக விளம்பர நிறுவனத்துக்குப் போகிறது.

அந்த விளம்பர நிரலை ஒட்டியது நான். இரண்டு வருடம் முன்பு, இலவச முகாம் விளம்பரத்துக்காக. முகாம் இரண்டு நாளில் முடிந்தது. எடுக்கவில்லை. ‘வேண்டாம்’ பொத்தான் பெட்டியை மறைக்கும். அவ்வளவுதான் அது செய்யும். அதுவும் என் வேலை.

ஜூலை 10, வியாழன்

எட்வின் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டிலிருந்து மதியமே வந்துவிட்டார். சொன்னேன்.

“சத்தம் காட்டாம எடுத்துப் போட்டுரு. எவன் பாக்கப் போறான்?”

“பேச்சியக்கா?”

“அவங்களுக்கு வேற எங்கயாவது கிடைக்கும். நீ போய்ச் சொன்னா நாளைக்கு இந்த ஊர்ல எவன் உனக்கு வேலை தருவான்? யோசிச்சுப் பாரு.”

யோசித்தேன். அவர் சொல்வது பொய்யில்லை.

இரண்டரைக்கு அந்த நிரலை எடுத்தேன். எடுக்கும் முன் பட்டியலைப் படம் பிடித்துவைத்தேன். இனி யார் சோதித்தாலும் ஒன்றும் தெரியாது. அந்தப் படம் ஒன்றுதான் சாட்சி. அழிக்கப் போனேன். ‘நிச்சயமாகவா?’ என்று திரை கேட்டது. மூடிவிட்டேன்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்யவில்லை. நான்கு தடவை நம்பரை எடுத்தேன். சாம்பார் தீய்ந்தது.

ஜூலை 11, வெள்ளி

போனேன்.

பே. அக்கா மேசையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தாள்: பழைய ஃபைல் எந்த அலமாரி, சாவி எந்தக் கொக்கி. அடுத்து வரப்போகிறவளுக்காக. டாக்டரைப் பார்க்கணும் என்றேன். டோக்கன் 14.

உள்ளே போனேன், உட்காரவில்லை.

“வெளிய சொன்னது பேச்சியக்கா இல்ல டாக்டர். வெப்சைட். தப்பு என்னோடது.”

படத்தைக் காட்டினேன். ஒவ்வொரு வரியாக விளக்கினேன்.

“வேண்டாம்னு அழுத்தினாலுமா?”

“அழுத்தினாலும்.”

“எத்தனை பேர் அழுத்தியிருப்பாங்க?”

“தெரியாது டாக்டர்.”

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “நான் பேச்சியம்மாளை இந்த இடத்துல நிக்க வச்சு சத்தியம் பண்ணச் சொன்னேன், கிரேஸ்.” மணி அடித்தார்.

பே. அக்கா வந்தாள். அவளிடமும் முதலிலிருந்து சொன்னேன்.

“அப்போ ஜவுளிக்கடை முன்னால நிக்கும்போதே உனக்குத் தெரியுமாட்டி?”

“இல்லக்கா. அன்னைக்குச் சாயங்காலம்தான்.”

“இன்னைக்கு வெள்ளிக்கிழமை.”

டாக்டரம்மா எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார், வேலையை விட வேண்டாம் என்றார். பே. அக்கா வெளியே போய், “டோக்கன் பதினஞ்சு” என்று கூப்பிட்டாள்.

ஜூலை 12, சனி

காலையிலிருந்து வெப்சைட் வேலை. சாட் பெட்டி எடுத்தாயிற்று. எழுத்துரு நம் சர்வருக்கே வந்தாயிற்று. வரைபடத்துக்குப் பதில் ஒரு படம். காரணம் முகவரியில் வராது. யாரையும் கண்காணிக்காததால் அனுமதிப் பெட்டியே தேவையில்லை. ஐந்து தடவை சோதித்தேன். வெளியே எதுவும் போகவில்லை.

போனது போனதுதான். விளம்பர நிறுவனத்துக்கு அழிக்கச் சொல்லி எழுதினேன். இயந்திரப் பதில் வந்தது.

நடந்ததை வெப்சைட்டின் முதல் பக்கத்திலேயே போடச் சொன்னார் டாக்டரம்மா. போட்டாயிற்று. எட்வின் வாசித்துவிட்டு வெளியே போனார்.

மதியம் மருத்துவமனையில் டாக்டரம்மா தன் போனை ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பெண். நம்பரை எனக்குக் காட்டவில்லை. பேர் வேண்டாம்மா என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

“நான் வாசிச்சுப் பாத்துட்டுத்தானே வேண்டாம்னு அமுக்குனேன்?”

“ஆமாம்மா. அமுக்கியும் அது கேக்கல. நான் சரியாச் செய்யல.”

பிறகு, “திங்கக்கிழமை வாரேன் டாக்டர். அவரும் வாரேன்னு சொல்லுதாரு. வந்து என்ன சத்தம் போடுவாரோ, பயமா இருக்கு.”

என்னை அவள் மன்னிக்கவுமில்லை, திட்டவுமில்லை.

ஜூலை 14, திங்கள்

மழை வரும் போலிருந்து வரவில்லை. மருத்துவமனைத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். போய் எட்டிப் பார்க்க எனக்கு உரிமையில்லை. பன்னிரண்டு மணி வரை ஒரு வேலையும் ஓடவில்லை.

ஒன்றேகாலுக்குப் பே. அக்கா போன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவை.

“கிரேசு. ஒரு வீட்டுக்காரரு கூட வந்தாரு. வெளியவே உக்காந்திருந்தாரு, ஒரு மணி நேரம். சத்தம் போடல. பொறவு அந்தப் பிள்ளைக்குத் தண்ணி வாங்கிக் குடுத்தாரு. அம்புட்டுதான் சொல்லுவேன்.”

“அக்கா, நீங்க…”

“வேலை கெடக்கு. வைக்கேன்.”

போனைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன்.

நான் செய்த வெப்சைட் இன்னும் பதினொன்று. எல்லாவற்றிலும் இதே பெட்டி. முதலில் திருவேங்கடம் ஊரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். திறந்து பார்த்தேன். வேண்டாம் அழுத்தியும் மூன்று வெளி முகவரிக்குப் போகிறது. அதை நடத்தும் அண்ணாச்சி நம்பரைத் தேடி எடுத்துப் போன் போட்டுவிட்டேன். ரிங் போகிறது.