எலி எதற்கு நடுங்குகிறது?

சிலமலை,
வியாழன் காலை.

அன்புள்ள கலைக்கு,

இங்கே நானும் அம்மாவும் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இல்லை என்பது ஞாயிற்றுக்கிழமை போனிலேயே தெரிந்துவிட்டது. நீ அழ ஆரம்பித்தால் எனக்குப் பேச்சே வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கூரியரில் நாளைக்கே பெங்களூர் வந்துவிடுமாம்.

ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்முகத் தேர்வில் பதில் தெரிந்தும் இங்கிலீஷ் வராமல் நின்றுவிட்டேன் என்றாய். கூட வந்தவர்கள் எல்லாம் பெரிய காலேஜ் பிள்ளைகள், திங்கட்கிழமை இன்னொரு இடத்துக்கும் போய் அவமானப்பட முடியாது, வந்து கூட்டிப் போங்க என்றாய். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. பாப்பா இப்போதெல்லாம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

அம்மாவிடம் சொன்னேன். பிள்ளையை விட்டுவிட்டு என்ன படிப்பு என்று நீ கிளம்பிய அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தானே, சிரிப்பாள் என்று நினைத்தேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அவ வரட்டும், வேணாங்கல. ஆனா அழுதுக்கிட்டு வரக் கூடாது. அப்படி வந்தா, இந்தப் பிள்ளையப் பாக்குறப்பல்லாம் இவளாலதான் விட்டோம்னு நெனப்பா. என் பேத்திக்கு அந்தப் பேரு வேணாம்ப்பா" என்றாள்.

ஊரில் எல்லோரும் உன் படிப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, நோய் எதனால் வருகிறது என்று ஆராய்கிற டாக்டர். உன்னைப் போல வீட்டில் முதல் ஆளாகக் காலேஜ் போனவர்களை ஒரு வருஷம் ஆய்வுக்கூடத்தில் பழக்கி, அந்தப் படிப்புக்குத் தயார் செய்கிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரிதானே?

செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டபோது எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தேன். வளைவில் ஜீப்பை நிறுத்தி ஸ்பீக்கரில் போட்டதும், ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்கள் உன் ஆய்வுக்கூடத்தில் பூச்சிமருந்து கொடுத்துப் பார்க்கிற எலிகளைப் பற்றிக் கேட்டு உன்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஜீப்பில் கூட வந்த காசிமாயன் அண்ணன், "எலி குளுருக்கும்தானத்தா நடுங்கும்? மருந்தாலதான்னு எப்படிச் சொல்ற?" என்று கேட்டார். நீ கடகடவென்று சொன்னாய். "அதே கூண்டு, அதே தீனி, அதே குளிரு, மருந்து மட்டும் குடுக்காத எலியும் பக்கத்துலயே இருக்குண்ணே. அதுக நடுங்கல." தேர்வில் உன்னைக் கேட்டதும் இதைத்தானே?

அப்புறம் சிக்னல் போய்விட்டது. அதற்குமேல் நடந்தது உனக்குத் தெரியாது. காசிமாயன் அண்ணன் எஸ்டேட்டில் மருந்தடித்தே வயசானவர். வலது கையை எப்போதும் துண்டுக்குள் வைத்திருப்பார், நீயும் பார்த்திருப்பாய். அன்றைக்கு அதை வெளியே எடுத்து மடியில் வைத்தார். அது பாட்டுக்கு நடுங்கியது.

"இதுவும் அதனாலதானாப்பா?" என்றார்.

"எனக்குத் தெரியலண்ணே. அதக் கண்டுபிடிக்கத்தான் கலை போயிருக்கு."

"அப்ப வெரசா வரச் சொல்லாத. நல்லாப் படிச்சிட்டு வரச் சொல்லு."

நான் ஜீப்பை எடுத்தேன்.

உன்னைக் கூட்டி வர நான் வரப் போவதில்லை, கலை. ஆனால் சனிக்கிழமை பஸ்சில் நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். திங்கட்கிழமை உன் தேர்வு முடியும்வரை வாசலிலேயே இருப்போம். இங்கிலீஷ் தடுமாறினால் நின்று, மூச்சு விட்டு, மெதுவாகச் சொல். பாப்பா உன்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு என் பின்னால் ஒளிந்துகொள்வாள். மனசு விட்டுவிடாதே, கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவாள்.

இடம் கிடைத்தால் இன்னும் ஐந்து வருஷம் என்றாய். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயும் இப்போது ஒன்றும் சொல்லாதே. திங்கட்கிழமை நீ நினைத்ததை நினைத்தபடி பேசிவிட்டு வெளியே வர வேண்டும். சாமியிடம் அது ஒன்றைத்தான் கேட்டிருக்கிறேன். வேறொன்றும் வாய்வரை வந்தது, கேட்கவில்லை.

உன்னுடைய,
விஜயபாண்டி